ஃபியூஸ் என்கிட்ட இருக்கு

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டுக்கு கரண்ட் வேலைக்குப் போனாலும் முதலில் மெயின் பெட்டியைத் திறப்பார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். பிறகு வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஃபியூஸ் என்கிட்ட இருக்கு, யாரும் பயப்பட வேணாம்" என்பார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்டுவிட்டால் போச்சு, அரைமணி நேரம் வகுப்பு எடுப்பார். சுவிட்சை யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம், என் பாக்கெட்டில் இருப்பதை யாரும் தட்ட முடியாது என்பார். சும்மா சொல்லக் கூடாது, இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு தடவைகூட ஷாக் அடித்ததில்லை.

துவைக்கப் போட்ட சட்டையில் யாரோ வீட்டு ஃபியூஸ் கட்டை கிடந்தபோது இரண்டு பேருமே சிரித்தோம். வேலையை முடித்துவிட்டுக் கட்டையை மாட்டாமல் வந்திருக்கிறார். அந்த வீட்டு ஜனங்கள் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் இன்னொரு கட்டை. அதற்கடுத்து ஒரே பாக்கெட்டில் இரண்டு. அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் டிமென்ஷியா, மறதி நோய் என்று சொன்னபோது அவரோடு சண்டைக்கே போய்விட்டேன். "அது வயசானவங்களுக்கு வர்றது டாக்டர். இவருக்கு மீசைகூட இன்னும் நரைக்கல" என்றேன். அந்த டாக்டர் பொறுமைசாலி. ஐம்பதிலும் வரும், நாற்பதிலும் வரும், அப்படி வருகிறவர்கள்தான் வெளியே தெரியாமல் அல்லாடுகிறார்கள் என்றார். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். நாள் முழுக்க ஊசி பிடிக்கிறவளுக்கு வாயும் ஊசியாகத்தான் இருக்கும் என்று இவர் கேலி செய்வார். அன்றைக்கு அந்த வாய்க்குப் பேச ஒன்றும் அகப்படவில்லை. 

பஸ் நிறுத்தத்தில் வைத்து என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா ஒருத்தன் என்னை வேலைக்குக் கூப்பிட மாட்டான்."

அதுதானே எனக்கு வேண்டியது! அவரை வீடுவீடாக அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனி, புகார் வந்ததும் தானே நிறுத்திவிட்டது. ஆனால் அக்கம்பக்கத்தில் கூப்பிடுவதை யார் நிறுத்துவது? கீழ்வீட்டுத் தையல்காரி, "அண்ணே, மிஷின் மோட்டார் இழுக்குதுண்ணே" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், சாப்பிடுகிற கையைக் கழுவிவிட்டு இறங்கிவிடுவார். அவருக்கும் மரியாதையாகப் போகிற இடம் அது ஒன்றுதான் மிச்சம். எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் அவர் மேலே ஏறி வரும்வரை நான் சாப்பாட்டில் கை வைக்க மாட்டேன்.

ஒரு நாள் நேராகவே கேட்டேன். "ஏங்க, பாக்கெட்ல நேத்து எடுத்த கட்டை ஒண்ணு கிடக்குதுன்னு வெச்சுக்கங்க. அதைத் தொட்டுப் பார்த்துட்டு, இந்த வீட்டுதுதான்னு நெனச்சு வயர்ல கையை வெச்சீங்கன்னா?"

"என்னை என்ன நேத்து தொழில் கத்துக்கிட்டவன்னு நெனச்சியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் அவர் பாக்கெட்டைத் துழாவிவிட்டுத்தான் செருப்பு போடுவேன். அவர் முறைப்பார். முறைத்துக்கொள்ளட்டும்.

டாக்டரிடம் இருக்கிற நர்ஸ்தான் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். நூலகத்து மாடியில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு கதவு. சின்ன வயசிலேயே இந்த நோய் வந்தவர்கள் ஓர் அறையில், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இன்னோர் அறையில். சொல்லிக்கொடுக்க யாரும் கிடையாது. அவர்களுக்கு அவர்களே, நமக்கு நாமே. எனக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் ஆகாது. அழுகாச்சிக் கூட்டமாக இருக்கும், ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் முதல் வாரம் தனியாகப் போனேன்.

அங்கே ஒரு பருத்த அம்மாள் பிஸ்கட் டப்பாவைத் திறந்துகொண்டே, "என் வீட்டுக்காரர் நேத்து என் செருப்பைத் தூக்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டார். நானும் வெயிலுக்கு ஜில்லுனு இருக்கட்டுமேன்னு போட்டுக்கிட்டு வந்துட்டேன்" என்றார். பஸ் டிரைவராக இருந்தவரின் மனைவி. எல்லோரும் அவரை அண்ணி என்றார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. யாரும் என்னைத் தேற்றவில்லை. அண்ணி டப்பாவை என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான்.

இவரை அழைத்துவருவதுதான் பெரும்பாடு. தலைகீழாக நின்று பார்த்தேன். "மறதிக்காரங்க கூட்டத்துல எனக்கு என்ன வேலை?" என்று ஒரே பிடிவாதம். கடைசியில் அங்கே கதவுத் தாழ்ப்பாள் இறுகிப்போயிருக்கிறது, ஆள் கிடைக்கவில்லையாம் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். உடனே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு வாராவாரம் அண்ணி எதையாவது கோணலாக்கி வைத்திருப்பார். மேசைக்கால் ஆடும், நாற்காலி திருகு கழன்றிருக்கும், அலமாரிக் கதவு தொங்கும். கரண்ட் சம்பந்தமாக மட்டும் எதுவும் கூடாது என்று நானும் அண்ணியும் பேசிவைத்திருந்தோம்.

இவர் திருகை முடுக்கிவிட்டு அந்த அறையிலேயே உட்கார்ந்து டீ குடிப்பார். கணக்கு டீச்சர் ஒருத்தி உண்டு, என்னைவிட இளையவள், கூட்டல் கழித்தல் எல்லாம் கையை விட்டுப் போய்விட்டது. அவளிடம் இவர், "உங்களுக்கு ரொம்ப நாளா இருக்குங்களா? பாவம்" என்று விசாரிப்பார். டிரைவர் அண்ணன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "எங்களுக்கு இருக்கட்டும் சார், நீங்க நல்லா இருங்க" என்பார். இவரும் பெருந்தன்மையாகத் தலையாட்டுவார். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு மானம் போகும்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் அறையில் என் முறை. மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். "நான் கூட இல்லாத நேரத்துல ஒரு நாள் எங்கயாவது கருகிக் கிடப்பார். அக்கம்பக்கத்துல சொல்லலாம்னா சத்தியம் வாங்கிட்டார். பேசாம சத்தியத்தை மீறிச் சொல்லிடவா?"

டீச்சரின் கணவர் தபால் அலுவலகத்தில் வேலை செய்கிறவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். அவரே, "நான் அவ ஸ்கூல்ல சொல்லிட்டேன். அவ ஒரு மாசம் என்னோட பேசல" என்றார்.

"நீ சொன்னா அது கோள் மூட்டற மாதிரி ஆயிடும்மா" என்றார் அண்ணி. "அவர் வாயால சொன்னாத்தான் அவருக்கு மரியாதை."

"அவர் வாயாலயா? நடந்த மாதிரிதான்" என்று சொல்லி நான் முடிக்கவில்லை, பக்கத்து அறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஃபியூஸ் என்கிட்ட இருக்கு, யாரும் பயப்பட வேணாம்."

எத்தனை வருஷப் பழக்கம்! அந்தக் குரலைக் கேட்டதும் உடம்பு ஒரு நொடி நிம்மதியாகிவிட்டது. அப்புறம்தான் சுரீர் என்றது. காலையில் நானே பாக்கெட்டைத் துழாவிப் பார்த்தேன், காலியாக இருந்தது. அதற்கப்புறம் குளிக்கப் போனேன். அப்படியென்றால் இது எந்த ஃபியூஸ்?

நாற்காலி கீழே விழ எழுந்து ஓடினேன். அவர் சுவரோரம் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். டீக்கு வெந்நீர் வைக்கிற கெட்டில் சூடாகவில்லை போலிருக்கிறது. பிளக் பாயின்ட்டின் மூடியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டார். வயர் இரண்டும் வெளியே பல்லை இளித்துக்கொண்டிருந்தன. மின்விசிறி மேலே ஓடிக்கொண்டிருந்தது, அதை அவர் பார்க்கவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அண்ணி பின்னாலிருந்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"கத்தாத. பதறிட்டார்னா கையை வெச்சிடுவார்" என்று காதோரம் சொன்னார்.

கத்தாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், இவர் சட்டைக் கையின் நுனியை டீச்சர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபியூஸை எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"வேலைக்கு முன்னாடி எடுக்காம பின்னாடியா எடுப்பாங்க? விடுங்க டீச்சர்."

"நீங்க எழுந்து வெளிய போன மாதிரியே தெரியலயே. என் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க."

"நீங்க மறந்திருப்பீங்க."

"மறந்திருக்கலாம். எனக்கு மறதிதான், அதுக்குத்தானே இங்க வர்றேன்." ஆனாலும் அவள் சட்டையை விடவில்லை. "டிரைவரண்ணே, இவர் வெளிய போனாரா?"

டிரைவர் அண்ணன் தாடையைச் சொறிந்தார். "போன மாதிரியும் இருக்கு, போகாத மாதிரியும் இருக்கு. யாரோ ஒருத்தர் போனாங்க. அது நானாக்கூட இருக்கலாம்."

"அப்ப எனக்கும் நிச்சயமில்ல, உங்களுக்கும் நிச்சயமில்ல."

"எனக்கு நிச்சயம்" என்றார் இவர். பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். "இதோ இருக்கே!"

டிரைவர் அண்ணன் மெதுவாக எழுந்து வந்து இவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உட்காரும்போதே முட்டி நெட்டி முறிந்தது. "சார், ஒண்ணு சொல்றேன். வண்டி நெறைய ஜனம். ஒரு முனையில இடது பக்கம் திரும்பணும்னு எனக்கு நிச்சயம். பின்னாலேருந்து அத்தனை பேரும் நேரா போங்க, நேரா போங்கன்னு கத்தறாங்க. வந்துட்டானுங்க எனக்கு ரூட் சொல்லன்னு திருப்பினேன். ஒரு ஆஸ்பத்திரி வாசலுக்குள்ள கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு ஸ்ட்ரெச்சர் ஒரு முழத்துல தப்பிச்சுது." அவர் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த நிச்சயம் இருக்கே, அது மட்டும் எப்பவும்போலவே இருக்கும் சார். அதுல மட்டும் கோளாறே தெரியாது."

இவர் வயரைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார்.

"உங்க டெஸ்டரை வெச்சுப் பாருங்களேன்" என்றாள் டீச்சர். "ஃபியூஸ் உங்ககிட்ட இருந்தா அது எரியாது. அவ்வளவுதானே?"

"இந்த ஒரு கெட்டிலுக்கு இத்தனை விசாரணை!" என்று முணுமுணுத்துக்கொண்டே டெஸ்டரை எடுத்தார். பிடியின் தலையில் விரலை வைத்துக்கொண்டு நுனியை வயரில் தொட்டார். உள்ளே இருந்த குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது.

அவர் நுனியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் எரிந்தது. மூன்றாம் தடவை வைக்கவில்லை. பாக்கெட்டிலிருந்த கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். "இது வீட்டுக் கட்டை. இந்த பில்டிங்ல இருக்கறது பெரிசு" என்றார். "இது யாருது?"

யாருக்கும் தெரியவில்லை. டீச்சரின் கணவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். மின்விசிறி சத்தம் அடங்கியது. அப்போதுதான் இவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கையை வெச்சிருப்பேன்" என்றார். "டீச்சர் பிடிக்கலன்னா வெச்சிருப்பேன்டி."

நான் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். கண்டபடி திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். சாவு வீட்டில்கூட நான் பார்க்காத அழுகையை அவர் அன்றைக்கு அழுதார்.

டிரைவர் அண்ணன் அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "அப்பாடா, வாங்க சார், நம்ம கட்சிக்கு! எத்தனை வாரமா வாசல்லயே நிக்கறீங்க!"

அழுகைக்கு நடுவில் இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் கூப்பிட மாட்டாண்ணே."

"கூப்பிட மாட்டான்" என்றார் டிரைவர் அண்ணன். "அது வலிக்கும். வலிக்காதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு இப்பவும் ஏர் ஹார்ன் சத்தம் கேட்டா ஒரு மாதிரி ஆயிடும். ஆனா நான் சாவியைக் குடுத்த அன்னைக்கே டிப்போ பூரா சொல்லிட்டேன். ஏன்னா நான் மறந்துடுவேன் சார். எனக்கு இந்த நோய் இருக்குங்கறதையே ஒரு நாள் மறந்துட்டு, நேரா டிப்போவுக்குப் போய் வண்டியில ஏறி உக்காந்துக்குவேன். அன்னைக்கு ஞாபகம் வெச்சிருக்க வேற யாராவது வேணும்ல?"

"ஏறி உக்காந்தாச்சு, ரெண்டு தடவை" என்றார் அண்ணி. "டிப்போலேருந்து எனக்குத்தான் போன் பண்ணாங்க."

அன்றைக்கு யாருக்கும் டீ இல்லை. பிஸ்கட்டை வெறுமனே கடித்துவிட்டுக் கிளம்பினோம்.

வீடு வரைக்கும் இவர் அந்தக் கட்டையைப் பாக்கெட்டில் போடவே இல்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு மூன்று தடவை, "யாரு வீட்டுதுன்னு வரவே மாட்டேங்குது" என்றார். எங்கள் கட்டடத்துக்குள் நுழைந்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரி கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒற்றைக் கை வைத்த சட்டை.

"அண்ணே! நல்ல வேளை வந்தீங்க. காலைல நீங்க மோட்டாரைப் பாத்துட்டுப் போனதுலேருந்து கரண்ட்டே இல்லண்ணே. நாளைக்கு நாலு சட்டை குடுக்கணும், விரல் எல்லாம் பொத்துப்போச்சு."

நான் வழக்கம்போல முந்திக்கொண்டு ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். இவர் கையை உயர்த்தினார். மூடிக்கொண்டேன்.

"இந்தாம்மா, இது உன் வீட்டு ஃபியூஸ். நான்தான் எடுத்துட்டுப் போயிருக்கேன்."

"அட, அவ்வளவுதானா? இதுக்குப் போயா நான்... குடுங்கண்ணே, மாட்டிடுங்க."

"இரும்மா. முழுசாச் சொல்லிடறேன், நடுவுல விட்டா மறந்துடும்." கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.  "எனக்கு மறதி நோய். டாக்டர் சொல்லி ரொம்ப நாளாச்சு, நான்தான் மறைச்சுட்டேன். இன்னைக்கு இந்தக் கட்டையை நம்பி வேற ஒரு இடத்துல கரண்ட்டுல கையை வெக்கப் போனேன். இனிமே என்னை இந்த வேலைக்குக் கூப்பிடாத. நானா வந்து நின்னாலும் மெயின் பெட்டியைத் தொட விடாத. மேல் வீட்டுக்காரங்க, பக்கத்து பில்டிங், எல்லார்கிட்டயும் சொல்லிடு. நான் மறந்துடுவேன். நீங்கல்லாம் ஞாபகம் வெச்சுக்கங்க."

தையல்காரி ஊசியைச் சட்டையில் குத்திவைத்தாள். அவளும் வாயாடிதான், எனக்குச் சளைத்தவள் இல்லை. ஆனால் அன்றைக்கு, "அப்ப இதை யாருண்ணே மாட்டறது?" என்று சின்னக் குரலில் கேட்டாள்.

"நீதான். நான் சொல்றேன், நீ செய். முதல்ல அந்தப் பெரிய சுவிட்சைக் கீழ இறக்கு. இறக்கிட்டியா? கை ஈரமா இருக்கா பாரு."

அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றே சொல்லிக்கொடுத்தார். அவள் ஒரு தடவை கோணலாகச் செருகினாள். "நேராம்மா, நேரா, பயப்படாத" என்றார். கோத்திருந்த விரல்கள் மட்டும் பின்னால் தாங்களாகவே திருகிக்கொண்டும் அமுக்கிக்கொண்டும் இருந்தன. நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். தையல் மிஷின் விளக்கு எரிந்தது.

மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றார். கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏம்மா, இதுல ஒரு ஃபியூஸ் இருந்துதே?"

"குடுத்துட்டீங்க. கீழ்வீட்டுது."

"ஓ." இரண்டு படி ஏறினார். மறுபடி நின்றார். "அவகிட்ட சொல்லணும்னு நெனச்சேன். என் விஷயத்தை. சொல்லிட்டேனா?"

"சொல்லிட்டீங்க."

"நானேவா? நீ எடுத்துக் குடுத்தியா?"

"நான் வாயே திறக்கல."

நம்பமாட்டாமல் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், பள்ளிக்கூடத்தில் மேடை ஏறிவிட்டு வந்த பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார்.

"நல்லா சொன்னேனா?"

"நல்லா சொன்னீங்க" என்றேன்.